எந்தக் கரைத்தீவு?

ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால் இலங்கையில் மூன்று கரைத்தீவுகள் இருக்கின்றன. ஒன்று அம்பாறைக் கரையில் உள்ளது. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர் அது. இன்னொன்று யாழ்ப்பாணத்துத் தீவு. இப்போது அதைக் காரைநகர் என்கிறோம். மூன்றாவது, புத்தளத்துக்கு வடக்கே, களப்பின் ஓரமாக, வண்ணாத்திவில்லுப் பக்கம் கிடக்கும் கரைத்தீவு. முதல் இரண்டும் தமிழில் காரைதீவு. புத்தளத்து ஊர் மட்டுமே கரைத்தீவு. முக்கிய வேறுபாடு ஒரு துணைக்கால். தமிழில் எழுதினால் அந்தக் கால் புத்தளத்து ஊரை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துவிடும். ஆங்கில எழுத்துக்குள் போனதும் கால் விழுந்துவிடுகிறது, ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

அதனால் இணையத்தில் யாராவது ஒரு வெளியூர்க்காரர் புத்தளத்துக் கரைத்தீவைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்ல வருபவர் முதலில் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது: எந்தக் கரைத்தீவு? பிறகு பொறுமையாக விளக்கவும் வேண்டும். அந்த விளக்கத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கேட்டவர் யாரென்று சொன்னவருக்குத் தெரியாது, இனிமேல் தெரியப் போவதும் இல்லை. ஆனாலும் யாரோ ஒருவர் வந்து சொல்கிறார். அவரை அப்படி வந்து சொல்ல வைப்பது எது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. உலகெங்கும் உளவியலாளரும் பொருளியலாளரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய முடிவுகளைக் கரைத்தீவுக் கரையில் நின்று பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் கிட்ட நின்று பார்ப்போம்.

பாலத்துக்கு மேலால தண்ணி

புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய வீதி, அதே வண்ணாத்திவில்லுப் பக்கத்து எலுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடந்து வில்பத்துக் காட்டுக்குள் நுழைகிறது. ஆற்றைக் கடக்க அங்கே இருப்பது ஒரு சப்பாத்துப் பாலம். தாழ்வான பாலம் அது. ஆறு பெருகினால் பாலத்துக்கு மேலாகவே பாயும், பாதை மூடப்படும். பிறகு மதவாச்சி, அநுராதபுரம் என்று சுற்றித்தான் வர வேண்டும்.

ஒரு மாரிகாலத்தில் சிலாவத்துறைப் பக்கத்து இளைஞர் ஒருவர் முகநூலில் கேட்டிருந்தார்: "நாளைக்கு விடிய எலுவன்குளம் பாதையால புத்தளம் வரலாமா? பைக்கில வாறன். இங்க மழை இல்ல." கொஞ்ச நேரத்தில் ஒருவர் பதில் எழுதினார்: "வராதீங்க தம்பி. இங்கயும் மழை இல்லதான். ஆனா இராஜாங்கனை வான்கதவு திறந்திருக்காங்க. விடியக்குள்ள பாலத்துக்கு மேலால தண்ணி பாயும்."

பதில் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கலா ஓயாவின் மேற்பகுதியில் இருக்கிறது இராஜாங்கனைக் குளம். மழை பெய்வது அங்கே, நீர் வந்து சேர்வது இங்கே. கரையில் வானம் வெளித்திருக்கும்போதே பாலம் மூழ்கலாம். மேலே கதவு திறந்தால் கீழே எவ்வளவு நேரத்தில் ஆறு ஏறும் என்பது அந்த ஆற்றோரம் பல மாரிகளைக் கண்டவருக்குத்தான் தெரியும். வரைபடத்தில் வீதி இருக்கும், பாலம் இருக்கும், தூரமும் இருக்கும். இந்த அறிவு மட்டும் இருக்காது.

பதில் சொன்னவருக்கு என்ன கிடைத்தது? இளைஞர் "நன்றி நானா" என்று எழுதினார். வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதில் இல்லாவிட்டால் ஒருவர் விடியற்காலையில் காட்டைத் தாண்டி வந்து பெருகிய ஆற்றின் முன் நின்றிருப்பார். மனித இயல்பு பற்றி ஏதோ ஒன்று இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது.

பெயர் சொல்லிக் கேட்டால்

1968இல் ஜோன் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, ஒலிவாங்கி வழியாக ஒருவரோடொருவர் பேச வைத்தார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற சத்தம் கேட்கும். அதைக் கேட்பது தான் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 வீதமானோர் சத்தம் ஓய்வதற்குள் எழுந்து போய் உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களிலோ 31 வீதமானோரே எழுந்தார்கள். மற்றவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வேறு யாராவது போவார்கள் என்று நினைத்தார்கள். பொறுப்பு எல்லோருக்கும் பங்கு போடப்பட்டு, கடைசியில் யார் கையிலும் தங்காமல் போய்விட்டது.

இணையத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருக்க வேண்டும். கேள்வியைப் பார்ப்பவர்கள் ஐந்து பேரல்ல, ஆயிரம் பேர். 2000இல் பெட்ரிக் மார்க்கி என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். 400 இணைய அரட்டை அறைகளில் ஓர் எளிய உதவியைக் கேட்டுவிட்டு, பதில் வர எத்தனை நேரமாகிறது என்று அளந்தார். அறையில் ஆட்கள் கூடக்கூடப் பதில் பிந்தியது. ஆனால் உதவி கேட்கும்போது ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தாமதம் மறைந்தே போனது. கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் உடனே திரும்பிப் பார்த்தார்.

அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2005இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வும் இதே திசையில் போகிறது. மூவிலென்ஸ் என்ற தளத்தில் மக்கள் திரைப்படங்களுக்கு மதிப்பெண் இடுவார்கள். அவர்களில் சிலருக்கு மட்டும், உங்கள் ரசனை அரிதானது, உங்கள் பங்களிப்பை வேறு யாராலும் தர முடியாது என்ற கருத்தில் அஞ்சல் அனுப்பப்பட்டது. அதைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலான படங்களுக்கு மதிப்பெண் இட்டார்கள்.

இந்த மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் எலுவன்குளத்துப் பதிலின் உள்ளே நடந்தது புரிகிறது. அந்தக் கேள்வியில் யாருடைய பெயரும் இல்லை. ஆனால் பாலம் இருக்கும் ஊரின் பெயர் இருந்தது. அந்த ஆற்றோரத்துக்காரருக்கு அது தன் பெயரைச் சொல்லி அழைத்த மாதிரித்தான். ஆயிரம் பேர் அந்தக் கேள்வியைக் கடந்து போனார்கள். அவர்களால் சொல்ல முடியாது. இவரால் முடியும். முடியும் என்பது தெரிந்த கணத்திலேயே அது கடமையாக மாறிவிடுகிறது. மனிதர்கள் முகம் தெரியாதவருக்குப் பதில் சொல்வதன் ஆணிவேர் இதுதான் என்பது என் துணிபு: இந்தக் கேள்வி என்னைத்தான் கேட்கிறது என்ற உணர்வு.

காசு எதைச் செய்யும், எதைச் செய்யாது

அப்படியானால் கூலிக்கும் பாராட்டுக்கும் இதில் இடமில்லையா? இருக்கிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை.

கூகுள் நிறுவனம் 2002இல் கூகுள் ஆன்சர்ஸ் என்ற சேவையைத் தொடங்கியது. கேட்பவர் 2 டொலர் முதல் 200 டொலர் வரை விலை வைப்பார், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வாளர்கள் பதில் எழுதுவார்கள். 2006 இறுதியில் அது புதிய கேள்விகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. அங்கே கேள்விகளுக்கு வெவ்வேறு விலை வைத்துப் பரிசோதித்த ஆய்வாளர்கள் 2010இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். விலை கூடியபோது பதில்கள் நீண்டன. தரம் கூடவில்லை. காசு நேரத்தை வாங்கியது, அதற்கு மேல் அதனால் எதையும் வாங்க முடியவில்லை. வேறு சில ஆய்வுகள் காசுக்கு இதைவிடச் சற்று அதிக மதிப்பு கொடுக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பணம் இல்லாத இடங்களில்தான் பதில்கள் பெருகின என்பதை வரலாறு காட்டிவிட்டது.

தென்கொரியாவில் அதே 2002இல் நேவர் நிறுவனம் தொடங்கிய கேள்வி பதில் சேவை இதற்கு நல்ல சான்று. அப்போது இணையத்தில் கொரிய மொழியில் தேடிப் படிக்கப் போதிய எழுத்து இல்லை. தேடினால் கிடைக்காததை மக்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள், ஒருவருக்கொருவர் எழுதினார்கள். அங்கே குவிந்த 26 இலட்சம் கேள்வி பதில்களை ஆராய்ந்து, 26 பேரை நேர்கண்டு 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதில் சொல்பவர்கள் முன்வைத்த முதன்மைக் காரணங்கள் மூன்று: பிறருக்கு உதவுவது, சொல்லும்போது தானும் கற்றுக்கொள்வது, தன் திறமை தனக்கே உறுதிப்படுவது. சேவை தந்த புள்ளிகளும் சிலரை ஈர்த்தன. ஆனால் பெரும்பாலானோர் நாள் தவறாமல் வந்து எழுதுபவர்கள் அல்லர். வருவார்கள், சொல்வார்கள், நீண்ட நாள் காணாமல் போவார்கள். தம்மைத் தொடும் கேள்வி வரும்போது திரும்பி வருவார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களை ஆராய்ந்து ஒடெட் நோவ் 2007இல் எழுதிய கட்டுரையும் கூலியைக் காரணமாகக் காணவில்லை. எழுதுவதில் கிடைக்கும் மகிழ்ச்சியும் அறிவு எல்லோருக்கும் பொது என்ற நம்பிக்கையுமே முன்னால் நின்றன.

பாராட்டின் கதை வேறு. 2012இல் இரண்டு சமூகவியலாளர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகுதியாக உழைத்தவர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவர்களுடைய பக்கத்தில் ஒரு நட்சத்திரப் பதக்கத்தின் படத்தை ஒட்டிவிட்டார்கள். காசுப் பெறுமதி இல்லாத வெறும் படம். அடுத்த 90 நாள்களில் பதக்கம் பெற்றவர்களின் உழைப்பு, பெறாதவர்களைவிட 60 வீதம் கூடுதலாக இருந்தது. இவர்கள் பாராட்டுக்காகத் தொடங்கியவர்கள் அல்லர். ஆனால் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தபோது தொடர்ந்தார்கள். "நன்றி நானா" என்ற இரண்டு சொல்லின் வேலையும் அதுதான். அது கூலி அல்ல, ரசீது.

போய்ச் சேர்வது எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு நிகழ்வு காட்டியது. 2005 அக்டோபரில் சீன அரசு தன் நாட்டுக்குள் சீன விக்கிப்பீடியாவை மறித்தது. தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அவர்களின் பங்களிப்பு சராசரியாக 42.8 வீதம் குறைந்தது என்று ஷாங், ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் கணக்கிட்டார்கள். வாசகர் போனதும் எழுதும் கை தளர்ந்தது.

சிறிய மொழிகளுக்கும் சிறிய ஊர்களுக்கும் இது கவலை தரும் செய்தி. ஆனால் முன்னே சொன்ன ஆய்வுகளில் ஆறுதலும் இருக்கிறது. வாசகர் குறைவாக இருக்கும் இடத்தில் பதில் சொல்லக்கூடியவரும் குறைவு. அங்கே ஒவ்வொருவரும், நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார் என்று கேட்டுக்கொள்ள நியாயம் இருக்கிறது. ஒரு பக்கம் கையைத் தளர்த்தும் அதே சிறுமை, மறுபக்கம் கையைப் பிடித்து எழுத வைக்கிறது.

இந்தக் கரையின் பழைய பதில்கள்

முகம் தெரியாதவரின் கேள்வி புத்தளத்துக் கரைக்குப் புதிதல்ல. 1344இல் உலகப் பயணி இப்னு பதூதா வந்திறங்கிய பத்தாலா என்ற இடம் புத்தளமே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அங்கே யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். அரசருக்குப் பாரசீகம் புரிந்தது. தூர தேசங்களையும் அவற்றின் அரசர்களையும் பற்றி வந்தவர் சொல்லச் சொல்ல ஆவலோடு கேட்டார். பிறகு, உமக்கு என்ன வேண்டும் என்றார். பாவா ஆதம் மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போக வேண்டும் என்றார் விருந்தாளி. அரசர் பல்லக்கு கொடுத்தார், வழி தெரிந்தவர்களையும் கூட்டி அனுப்பினார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்துத் துணைவர்கள், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் என்று அந்தப் பயணி கணக்கு எழுதியிருக்கிறார். வெளியூரார் ஒருவர் வழி கேட்டதற்கு இந்தக் கரை கொடுத்த பதில்களில் எழுத்தில் பதிந்த மிகப் பழையவற்றுள் இது ஒன்று.

அடுத்த பெரிய பதில்காரர் சைமன் காசிச்செட்டி. களப்புக்கு அக்கரையிலுள்ள கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர். 27 வயதில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விளக்கும் 'சிலோன் கசற்றியர்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார், பின்னர் சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் 'தமிழ் புளூட்டாக்' எழுதினார். மறு ஆண்டு இறந்தார்.

அகரவரிசை நூல் என்பது இனி வரப் போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த பதில். யார் கேட்பார், எப்போது கேட்பார் என்று தெரியாமல் எழுதுவது அது. காசிச்செட்டி எழுதிய காலத்தில் இந்தத் தீவைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியவை. கற்பிட்டியில் பிறந்த ஒருவர், தமிழும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர், அதைச் செய்ய உட்கார்ந்தபோது அவரை உட்கார வைத்த உணர்வு எலுவன்குளத்து நானாவின் உணர்வுக்கு வெகு தூரமானது அல்ல என்று நினைக்கிறேன். புலவர்களின் வரலாற்றில் அது இன்னும் தெளிவு. ஓலைகள் அழிந்துகொண்டிருந்தன, கேட்டு வைத்திருந்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர் எழுதாவிட்டால் அந்தப் பதில் இல்லாமலே போயிருக்கும்.

ஆலமரத்தடியில்

அந்த மரபின் இன்றைய பெயர்களுள் ஒன்று தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கியது. இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழத் தனி ஆளாகவே அதற்கு உருவம் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. 2017இல் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் அந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர்கள் இன்றும் நூற்றுக்கணக்கில்தான் இருக்கிறார்கள்.

அங்கே பங்களிப்பவர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு வைத்திருக்கும் பெயர் ஆலமரத்தடி. புதிதாக வந்தவர் உதவி கேட்கும் இடத்துக்குப் பெயர் ஒத்தாசைப் பக்கம். இந்தப் பெயர்கள் தற்செயலானவை அல்ல. ஊரின் நடுவே மரநிழலில் இருப்பவரிடம் வழிப்போக்கர் ஒருவர் ஏதாவது கேட்டால், தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் தெரிந்தவரைக் காட்டுவார். அதற்குக் காரணம் கேட்பது நம் வழக்கமில்லை. இணையத்துக்குள் போன தமிழர்கள் அந்த நிழலையும் கூடவே கொண்டுபோனார்கள்.

இலங்கைத் தமிழர் இந்த வேலையில் இவ்வளவு முனைப்பாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பதில் இருந்த இடமே எரிந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்த சமூகம் இது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை வருடி வருடி இணையத்தில் ஏற்றுவதை இந்த நினைவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

புத்தளத்துக்கும் அப்படி ஒரு நினைவு உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் வீடும் கிணறும் பள்ளிவாசலும் விட்டுவிட்டு வந்தவர்கள், புத்தளத்தில் இருந்தபடியே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறோர் ஊரின் அறிவைச் சுமக்கிறார்கள். காடு மூடிய பழைய வீதி எது, கிணறு எந்தப் பக்கம் இருந்தது, அந்தக் குளத்தை ஊரார் என்ன பெயரால் அழைத்தார்கள் என்று அங்கே பிறக்காத பேரப்பிள்ளை கேட்கும்போது, பதில் சொல்லும் பெரியவர் தகவல் மட்டும் தருவதில்லை. அந்த ஊர் இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்கிறார். அதே கேள்வியை முகம் தெரியாத ஒருவர் கேட்டாலும் அவர் சொல்வார். கேட்பவர் யார் என்பது அங்கே இரண்டாம் விஷயம்.

இனி யாரைக் கேட்போம்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. அதன் பின் ஆறு மாதங்களுக்குள், கணினி நிரல் எழுதுபவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெளியும் ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் இடப்படும் பதிவுகள் ஏறத்தாழ 25 வீதம் குறைந்தன என்று 2024இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மக்கள் மனிதரைக் கேட்பதை விட்டு இயந்திரத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். அதில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இயந்திரம் கற்றது மனிதர்கள் முன்பு ஒருவருக்கொருவர் எழுதி வைத்த பதில்களிலிருந்தும்தான். எழுதப்படாததை அதனால் கற்க முடியாது. கரைத்தீவைப் பற்றி எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு துணைக்காலை அது தவறவிட்டால், திருத்த இன்னும் ஒரு கரைத்தீவுக்காரர்தான் வர வேண்டும்.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது மற்றப் பக்கம். இயந்திரத்திடம் கேட்கப்பட்ட கேள்வி, பதில் தெரிந்த மனிதரின் கண்ணில் படுவதே இல்லை. பதில் சொல்வதன் ஆணிவேர் கேள்வி என்னைக் கேட்கிறது என்ற உணர்வு என்றால், கேள்வியே வந்து சேராத இடத்தில் அந்த உணர்வு எப்படி எழும்? ஆற்றோரத்தில் பல மாரிகள் சேர்த்து வைத்த அறிவு, கேட்பாரில்லாமல் அவரோடே போய்விடும். அறிவு அழிவதற்கு நெருப்புத் தேவையில்லை. கேட்பாரில்லாமல் போனாலே போதும்.

ஆகவே இதில் நம்மால் ஆகக்கூடியது எளிய வேலை. கேட்க வேண்டியதை, தெரிந்த மனிதரைத் தேடிக் கேட்க வேண்டும். ஊரின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சரியாக, தமிழில் எழுதிக் கேட்க வேண்டும். அப்போதுதான் கேள்வி உரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் கிடைத்தால் கிடைத்தது என்று திருப்பிச் சொல்ல வேண்டும்.

சிலாவத்துறை இளைஞர் அன்று மதவாச்சி வழியாகச் சுற்றிப் போனார். மறுநாள் மாலை, முதலில் தான் கேட்ட கேள்விக்குக் கீழேயே இன்னொரு வரி எழுதியிருந்தார்: "சுகமா வந்து சேந்தன் நானா." சில நாள் கழித்து வேறு யாரோ ஒருவர் அதே பாதையைப் பற்றி அதே இடத்தில் கேட்டிருந்தார். இந்த முறை நானா வர முன்னமே பதில் எழுதியவர் அந்த இளைஞர்: "இராஜாங்கனை வான்கதவு திறந்திருக்கான்னு பாத்துட்டு வெளிக்கிடுங்க."